நாகன் பயிற்றிய வேட்டை

திருத்தொண்டர் புராணத்தைப் பயில்வார்க்குக் கண்ணப்ப நாயனார் வரலாறு புதிதன்று. காளத்தி மலையும், குடுமித்தேவரும், ஆறு நாட் பூசனையும், கண்ணை இடந்து அப்பிய பேரன்பும் சைவ நன்மக்கள் நாவில் நாடோறும் பயில்வன. ஆயினும் அவ்வரலாற்றின் முற்பகுதியில் நிற்கும் முதியோன் ஒருவனை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்து போகின்றோம். அவன் திண்ணனாருக்குத் தந்தையாகிய நாகன். மகனார் வில் பயில வழி செய்தவன் அவன். மூத்துத் தளர்ந்தபோது தன் தலைமையை அவர் கையில் ஒப்புவித்தவன் அவன். பின்னர் அம்மகனாரை மலையினின்றும் மீட்டுக் கொணர இயலாது வறிதே மீண்டவனும் அவனே. அவன்மேல் நோக்கம் வைத்து அவ்வரலாற்றை மீண்டும் ஒருமுறை பயில்வதே இக்கட்டுரையின் கருத்து. அங்ஙனம் பயிலுமிடத்து, நாயனார் இறைவற்குச் செய்த தொண்டுகளுள் பெரும்பாலன வேட்டுவக் குடியின் மூத்தோர்பால் அவர் கற்றவையே என்பதும், கற்பித்தோர் எண்ணியிராத பயனுக்கு அக்கல்வி திருவருளால் உரியதாயிற்று என்பதும் புலனாகும்.

முதற்கண் இவ்வரலாற்றின் பழமையைச் சிறிது நோக்குவாம். ஏழாம் நூற்றாண்டினராகிய அப்பரும் சம்பந்தரும் தம் பதிகங்களிற் கண்ணப்பரை நினைந்து பாடியுள்ளார்கள். எட்டாம் நூற்றாண்டிற் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் அவரைத் தொழுதனர். மணிவாசகப் பெருமான் திருக்கோத்தும்பியில் அவரது அன்பைத் தம் அன்பின்மைக்கு எதிர்வைத்து உருகினர். பதினோராந் திருமுறையில் நக்கீரதேவ நாயனாரும் கல்லாடதேவ நாயனாரும் தனித்தனியே அருளிய திருமறம் என்னும் நூல்கள் இரண்டும் இவர்தம் செயலையே பொருளாகக் கொண்டவை. இவற்றிற்கெல்லாம் பின்னர், அநபாயன் எனப் பெயர் பெற்ற இரண்டாங் குலோத்துங்க சோழன் (1133–1150) காலத்தில், அவன் அமைச்சராயிருந்த சேக்கிழார் பெருமான் 180-க்கு மேற்பட்ட செய்யுட்களால் இதனை விரித்தருளினர். அவனுக்குப் பின் ஆண்ட இரண்டாம் இராசராசன் (1146–1173) தாராசுரத்தில் எடுப்பித்த திருக்கோயிலில், நாயன்மார் வரலாறுகள் சிறு சிற்பங்களாக அமைக்கப்பட்ட வரிசையிற் கண்ணப்பர் வரலாறும் இடம் பெற்றது. தெலுங்கிற் பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பால்குரிகி சோமநாதரின் பசவ புராணமும், பதினாறாம் நூற்றாண்டினராகிய தூர்ச்சடியின் காளத்தி மான்மியமும் இவ்வேடர் பெருமானைப் போற்றுவன. இவ்வாறு இருமொழியும் போற்றிய வரலாறாயினும், நாகன் என்னும் தந்தையின் உள்ளத்தையும் மூப்பையும் நாம் நன்கு அறிய வைத்தவர் சேக்கிழாரே. ஆகலின் ஈண்டு அவர் திருவாக்கின் வழியே செல்வாம்.

நாகன் ஆண்ட உடுப்பூர் பொத்தப்பி நாட்டிலுள்ளது. பொத்தப்பி என்பது கடப்பைப் பகுதியைச் சார்ந்த பழைய நாட்டுப் பெயர். தெலுங்குச் சோழ மரபினர் சிலர் பொத்தப்பிச் சோழர் என்னும் பட்டத்தோடு கல்வெட்டுக்களிற் காணப்படுகின்றனர். காளத்தியோ இன்று ஆந்திர மாநிலத்துத் திருப்பதி மாவட்டத்தில், சுவர்ணமுகி எனப்படும் பொன்முகலியாற்றின் கரையில், ஐம்பூதத் தலங்களுள் வாயுத் தலமாக விளங்குகின்றது. ஆங்குக் கோயிலை அடுத்த குன்றின்மேல் நாயனாருக்குத் தனிக்கோயில் உண்டு.

நாகனைச் சேக்கிழார் பெருமான் மிகைபடப் புகழ்ந்தாரல்லர். முற்பிறப்பில் தவமுடையனாயினும், பிறந்த குடியின் சார்பால் கொடுந்தொழிலில் தலைநின்று, குற்றத்தையே குணமெனக் கொண்டு வாழ்ந்தவன் என்றே அவனை அறிமுகம் செய்கின்றார். திண்ணனாரைப் பன்மையாற் கூறும் அவர், நாகனை ஒருமையாற் கூறுதலும் நோக்கத்தக்கது. நாமும் அவ்வழக்கையே மேற்கொள்வாம். ஆயினும் அவன் தந்தைமையில் யாதொரு குறையும் அவர் கண்டிலர். நாகனும் அவன் மனைவி தத்தையும் நெடுநாள் மகப்பேறின்றி முருகவேளை வழிபட்டுச் சேவலும் மயிலும் விட்டு வேண்டிப் பெற்ற பிள்ளை இவர். கையில் ஏந்தியபோது திண்ணென்றிருந்தமையால் திண்ணன் எனப் பெயரிட்டவனும் தந்தையே.

குழவிப் பருவத்து நிகழ்ச்சி ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. பிற விலங்குகளை அழைத்துப் பிடித்தற்பொருட்டு வேடர் பழக்கி வைத்திருக்கும் விலங்கினைப் பார்வை என்பர். அங்ஙனம் வளர்க்கப்பட்ட புலி ஒன்றன் திறந்த வாயை மலைக்குகை என்று எண்ணிச் சிறுவர் தம் கையை உள்ளே நீட்டினார். அன்புடைய தந்தை அது கண்டு பதறி, பச்சைத் தழையொன்றை எடுத்து ஓங்கினான். குழவியின் கண்களில் நீர் மல்கிற்று. தாய் முத்தமிட்டு அதனை மாற்றினாள். ஓங்கியது கோலன்று, தழை என்பதனை அன்பர்கள் கருதுக. அஞ்சுவித்தல் வேண்டும், நோவச் செய்தலாகாது என்பது அவ்வேடன் நெஞ்சம். இஃது அவன் மகனார்க்கு அளித்த முதற் கானகப் பாடம் எனலாம். அன்று நீர் மல்கிய அக்கண்களைப் பாடும்போது, பின்னாளில் இறைவன் கண்களுக்கு உற்ற துன்பத்தைத் தீர்க்கப்போகும் கண்கள் இவை என்பதனைச் சேக்கிழார் அவ்விடத்தேயே குறிப்பித்து விடுகின்றார். தந்தையோ அதனை அறியான். பிள்ளையின் கைக்கு ஊறு வாராமையே அவனுக்குப் பெரிதாயிருந்தது.

பருவம் வந்தபோது நாகன் மகனாரைத் தன் தோளாரத் தழுவி மகிழ்ந்து, வில்தொழில் பயிற்றுவிக்கக் கருதினான். தன் வலிமையை நம்பித் தானே பயிற்றுவேன் என்று அமையாது, அத்துறையில் மிக்க முதியோரை அழைத்துக் கூட்டி நாள் குறித்தான். சுற்றுமலைக் குறுநிலத் தலைவர்கள் மணியும் பொன்னும் புலித்தோலும் யானைக் கோடும் மயிற்பீலியும் தேனும் கொண்டு வந்தனர். பெருவிழா நிகழ்ந்தது. அதன்பின் திண்ணனார் நாடோறும் விற்களம் புக்குப் பணிந்து வில்லாண்மை முற்றக் கற்றார் என்பது வரலாறு.

நூற்கல்வியை ஏட்டிற் பெறலாம்; வேட்டைக் கல்வியோ மூத்தோர் பின்னே நடந்தன்றிப் பெறலாகாது. அடிச்சுவடு கண்டு விலங்கின் இனமும் அது சென்ற காலமும் அறிதல், காற்று வரும் திசையறிந்து நிற்குமிடம் தெரிதல், வலை பிணிக்கும் வழி, நாயை விடும் சமயம், நஞ்சிலையும் மருந்திலையும் பிரித்தறிதல், தீ மூட்டி ஊனைப் பதமறிந்து காய்ச்சுதல், இரவிற் கண் துஞ்சாது காவல் நிற்றல் ஆகிய இவையெல்லாம் கண்டு பழகியன்றி வாரா. ஆகலின் வேட்டுவக் குடியில் முதியோரே பள்ளி, முதியோரே ஏடு. அம்முதியோருள் தலைவனாயிருந்தவன் நாகன்.

அத்தகையானுக்கும் மூப்பு வந்தது. வில்லெடுத்து மலைச்சாரலெங்கும் திரிந்த முயற்சி மெலிந்தது. மாதந்தோறும் நிகழவேண்டிய வேட்டை தாழ்ந்தமையால் பன்றியும் புலியும் கரடியும் ஆமாவும் மரையும் மானும் பெருகித் தினைப்புனங்களை மிதித்து நெருங்கின. வேடரெல்லாம் திரண்டு வந்து தலைவனிடம் முறையிட்டனர். அவன் தன் தளர்ச்சியை மறைத்தானல்லன். பிறர்மேற் பழி சுமத்தினானுமல்லன். மூப்பினால் முன்போல் வேட்டையில் முயலமாட்டேன், என் மகனையே உங்கட்குத் தலைவனாகக் கொள்ளுங்கள் என்று தானே சொன்னான். கேட்டவர் ஒருபால் இரங்கினர், ஒருபால் மகிழ்ந்தனர் என்று சேக்கிழார் கூறுவது உலகியல்பை நன்கறிந்த கூற்றாகும். ஒரு தலைமுறை ஒதுங்கி மறு தலைமுறை எழும் இடத்தில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வன.

இனித் திண்ணனார் நிலை யாதெனின், பதினாறு பிராயத்து இளைஞர் அரசு பெற்றேம் என்று களித்தாரல்லர். தந்தையின் நிலையை உள்ளத்துட் கொண்டு தளர்ந்தார். குடியின் தலைமைக்கு நேர்ந்த குறையை நிரப்புதல் கடன் என்று உணர்ந்து மறாது இசைந்தார். தந்தையின் கழல் வணங்கி, அவன் முறைமையால் தந்த சுரிகையையும் தோலாடையையும் பெற்றுக்கொண்டார். தந்தை ஆண்ட ஆயுதத்தைத் தந்தையின் கையினின்றே ஏற்ற அக்கணத்தில் ஒரு கல்வி நிறைவுற்றது. காட்டுத் தெய்வத்தின் பூசை செய்யும் தேவராட்டியும் வந்து, தந்தையின் அளவினும் மேம்படுவான் இவன் என்று வாழ்த்திச் சென்றாள். அவள் சொல் மெய்யாயிற்று. மெய்யான வகைதான் அவளும் நாகனும் எண்ணியதன்று.

மறுநாள் விடியலிற் கன்னிவேட்டை தொடங்கிற்று. தந்தை ஊரில் இருந்தான்; மகனார் கானம் புகுந்தார். வலை வளைத்து, நாய்களை விட்டு, பறையும் கொம்பும் முழங்க நிகழ்ந்த அப்பெருவேட்டையைச் சேக்கிழார் பாடுமிடத்து, விரைவிற் படிப்போர் காணாது விடும் அறம் ஒன்று உளது. கொலைத்தொழில் வல்ல அம்மறவர் யானைக் கன்றுகளைத் தொடர்ந்திலர். சிறு குட்டிகளைக் கொன்றிலர். கருவுற்று நடை தளர்ந்த பிணைகளை வருத்திலர். இவ்வரம்பினை அரசன் ஆணை விதித்ததில்லை, ஏடு கற்பித்ததுமில்லை. மூத்தோர் நடந்து காட்டிய வழியே இளையோர் நடந்தமையால் நிலைத்த அறம் அது. கொலைக்குள்ளும் ஓர் அருளின் வித்து அக்குடியில் இருந்தது என்பதும், அவ்வித்தைக் காத்து வந்தோருள் நாகனும் ஒருவன் என்பதும் இதனாற் பெறப்படும்.

அவ்வேட்டையில் ஒரு பன்றி வலையறுத்து ஓடிற்று. திண்ணனாரும், நாணன் காடன் என்னும் இருவரும் நெடுந்தூரம் தொடர்ந்தனர். பன்றி இளைத்து ஒரு மரநிழலில் நின்றபோது, திண்ணனார் அம்பு தொடாது சுரிகையை உருவிக் குத்தி வீழ்த்தினார். தந்தை தந்ததும் சுரிகை, குடுமித்தேவர்க்கு முதலுணவாயது இப்பன்றியே என்னும் இரண்டையும் சேர்த்து நோக்குக. பசியும் நீர்வேட்கையும் மிக, தண்ணீர் எங்கே உளது என்று திண்ணனார் வினவினார். பெருந்தேக்கு ஒன்றைக் காட்டி, அதற்கப்பால் உயர்ந்த குன்றின் அயலே பொன்முகலி ஓடுகின்றது என்றான் நாணன். குன்றை அணுகுந்தோறும் தம்மேலிருந்த பெருஞ்சுமை ஒன்று குறைவது போலத் திண்ணனார்க்குத் தோன்றிற்று. காடனைத் தீக்கடையப் பணித்துவிட்டு நாணனோடு மலையேறினார். குடுமித்தேவரைக் கண்டார், கண்ட அளவிலே ஓடிச் சென்று தழுவினார்.

இனி இக்கட்டுரைக்கு உயிரான இடத்தை அடைகின்றோம். பெருமான் திருமுடியில் நீரும் பூவும் பச்சிலையும் இருத்தலைக் கண்ட திண்ணனார், இவை செய்தவர் யார் என்றார். அதற்கு நாணன் கூறிய விடையின் பொருளாவது: நான் அறிவேன், வலிமிக்க உன் தந்தையோடு முன்பொருநாள் வேட்டையாடி இம்மலைக்கு வந்தோம், அப்போது ஒரு பார்ப்பனன் இவர்க்குக் குளிர்ந்த நீராட்டி, இலையும் பூவும் சூட்டி, உணவூட்டி, சில மொழிகள் சொல்லி நின்றான், இன்றும் அவனே செய்தான் போலும் என்பது. நீராட்டல், பூச்சூட்டல், அமுதூட்டல் என்னும் பூசனை முறையைத் திண்ணனார் அறிந்தது இவ்வொரு சொல்லால். அச்சொல் வந்ததோ தந்தையோடு கூடி ஆடிய பழைய வேட்டையினின்று. காளத்தி மலைக்கு முதலில் அடிச்சுவடு பதித்தவன் நாகன். அச்சுவடே மகனார்க்கு வழியாயிற்று.

ஈண்டு ஒரு வினா எழும். அன்று நாணனோடு வந்த நாகனும் அப்பூசனையைக் கண்டிருத்தல் வேண்டுமே, அவன் நெஞ்சம் ஏன் நெகிழவில்லை? மலை ஒன்றே, மூர்த்தி ஒன்றே, கண்ட காட்சியும் ஒன்றே. நாணன் அதனை ஒரு செய்தியாக நினைவில் வைத்தான். நாகன் தன் வேட்டையை நோக்கிச் சென்றான். திண்ணனாரோ கண்டதும் தம்மை மறந்தார். இவ்வேற்றுமைக்குக் காரணம் காட்சியன்று, பக்குவமே. கதிரவன் ஒருங்கே ஒளி பரப்பினும் முற்றிய மொட்டே மலர்கின்றது, முற்றாதது காத்திருக்கின்றது. இறைவன் அருளிற் பாகுபாடில்லை; மலபரிபாகத்திலேயே பாகுபாடுண்டு என்னும் சித்தாந்தத் துணிபு ஈண்டு ஒரு குடும்பத்தின் இரு தலைமுறையில் விளங்குகின்றது.

பின்னர் நிகழ்ந்த தொண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணுவாம். கையில் வில்லும் ஊனும் இருந்தமையால் வாயில் நீர் முகந்தார். தலைக்குடுமியிற் பூச் செருகினார். கானில் ஏனம் இன்றி வாழப் பழகியோர் செயல் இது. கொழுவிய தசையை அரிந்து, அம்பிற் கோத்துத் தீயிற் காய்ச்சி, பதமானதைச் சுவைத்துத் தேர்ந்து தேக்கிலைக் கல்லையில் வைத்தார். அன்புடையார்க்கு நல்லதையே ஊட்டும் வேட்டுவ விருந்தின் முறை இது. பின்னாளிற் கோற்றேன் பிழிந்து கலந்தார். தேனிருக்கும் பொதும்பு அறிந்தோர் அறிவு இது. பெருமான் கொடுவிலங்கு வழங்கும் மலையில் துணையின்றித் தனியே இருக்கின்றாரே என்று உள்ளம் பதைத்து, இரவெல்லாம் வில்லேந்தி இமை கொட்டாது காவல் நின்றார். வேட்டையிற் கூடி வந்தாரைத் தனியே விட்டுப் போகாத குடிமரபு இது. விடியுமுன் தனியே வேட்டைக்குச் சென்று மீண்டார். விலங்கின் இயக்கத்தை வேளையறிந்து கற்றார் செயல் இது. ஆகமம் இவர் அறியார். ஆயினும் தாம் அறிந்தது எதனையும் இறைவற்கு ஆகாதென்று ஒதுக்கி வைத்தாரல்லர். கற்றதனைத்தையும் அவர் திருவடிக்கே ஆக்கினார்.

ஆறாம் நாள் பெருமான் வலக்கண்ணில் உதிரம் பெருகியபோதும் அப்படியே. முதலில் வில்லெடுத்து, இத்தீங்கு செய்தது மனிதரோ விலங்கோ என்று சாரலெங்கும் தேடினார். காணாது மீண்டு அழுதார். பின்னர், அம்பு பட்ட புண்ணை வேடர் ஆற்றும் பச்சிலை மருந்துகளைக் கானிற் பறித்து வந்து பிழிந்தார். குருதி நின்றிலது. அதன்மேல், ஊனின் நோய்க்கு ஊனே மருந்தாம் என்னும் முதுமொழி ஒன்று நினைவுக்கு வந்தது. முதுமொழியாவது முதியோர் மொழி. எந்த முதியோர்பால், எந்தத் தீயின் அருகே, எந்த இரவில் அதனைக் கேட்டாரோ, அது சேக்கிழார் கூறாத செய்தி. கேட்டது வேட்டுவக் குடியில் என்பது மட்டும் தெளிவு. உடனே அம்பினை எடுத்துத் தம் கண்ணை அகழ்ந்து அப்பினார். இடக்கண்ணிலும் உதிரம் வர, அடையாளத்தின் பொருட்டுத் தம் காலை அதன்மேல் ஊன்றி, மற்றைக் கண்ணுக்கும் அம்பினை ஓங்கினார். குறி தவறலாகாது என்பது வில்லாசிரியர் கற்பிக்கும் முதற்பாடம். அப்பாடத்தின் முடிந்த பயன் இதுவாயிற்று. இறைவன் திருக்கை வெளிப்பட்டு அக்கையைப் பற்றித் தடுத்தது. கண்ணப்பர் என்னும் திருப்பெயர் உலகில் நிலைத்தது.

இனி நாகன்பால் மீள்வாம். நாணனும் காடனும் ஊர் சென்று செய்தி சொன்னபோது அம்முதியோன் உணவும் உறக்கமும் ஒழிந்தான். வேட்டைக்கு எழமாட்டாது தளர்ந்திருந்தவன், மகனார்பொருட்டு எழுந்தான். தேவராட்டியையும் உடன்கொண்டு காளத்தி மலைக்கு வந்தான். தான் அறிந்த வகையெல்லாம் சொல்லியும் செய்தும் பார்த்தான். மகனார் மனம் திரும்பிற்றிலது. காளத்தியப்பர் அருள்நோக்கம் பட்டமையால், வேதகம் பட்ட இரும்பு பொன்னானாற்போல இருவினையும் மும்மலமும் நீங்கி, அன்பே வடிவாக நின்றவர் அவர்; பொன்னை மீண்டும் இரும்பாக்க வல்லார் யார்? நாகன் கைவிட்டு மீண்டான். அதன்பின் அவனைக் குறித்துப் புராணம் ஒன்றும் பேசவில்லை.

ஆகவே நாகன் காளத்தி மலைக்கு இருமுறை வந்தவனாகின்றான். முதன்முறை விலங்கைத் தேடி வந்தான். மறுமுறை மகனைத் தேடி வந்தான். இருமுறையும் பெருமான் எதிரே இருந்தார். இருமுறையும் அவன் நாட்டம் வேறொன்றன்மேல் இருந்தது. இஃது அவன்மேற் குற்றங்கூறுதற்கு உரைத்ததன்று. நாமும் எத்துணை முறை திருக்கோயில் புகுந்து, நம் பொருளையும் மக்களையும் நினைந்தவாறே மீள்கின்றோம்! மூத்த தந்தை ஒருவன் தன் தள்ளாமையில் ஊன்றுகோலாகப் பற்ற எண்ணிய மகனை இழந்து மலையிறங்கிய துயரம் எளியதன்று. அத்துயரத்தைச் சேக்கிழார் ஒரு செய்யுளில் அடக்கியது அதனைச் சிறிதென்று கருதியன்று. அதற்குமேற் சொல்லுதல் இயலாமையால் என்று கொள்வதே சாலும்.

சிவஞான போதத்தின் எட்டாஞ் சூத்திரம் பயின்றோர், அரசகுமரன் ஒருவன் வேடர்பால் வளர்ந்து தன்னை மறந்திருந்து, தந்தையாகிய அரசன் உணர்த்தத் தன் உண்மை உணர்ந்த உவமையை ஈண்டு நினைவர். ஆங்கு வேடர் என்றது ஐம்புலன்களை. அவ்வுவமை நோக்கி, நாகனும் அவன் குடியும் உயிரைத் தடுக்கும் பாசத்திற்கே அறிகுறி என்று சிலர் கூறலாம். ஒருவாற்றான் அது பொருந்தும். மகனாரை மீட்க வந்ததாற் பொருந்தும். ஆயினும் அம்மட்டில் அமைதல் நிறைவாகாது. சித்தாந்தத்தில் மறைப்பும் அருளே. திரோதான சத்தி உலகப் பொருள்களிலும் தொழில்களிலும் உயிரை ஈடுபடுத்தி மலத்தைப் பக்குவப்படுத்துகின்றது. பக்குவம் முதிர்ந்தவழி அதுவே அருட்சத்தியாய்ப் பதிகின்றது. தந்தையின் தழையோச்சும், முதியோரின் விற்பயிற்சியும், சுரிகையும், நாணன் நினைவில் நின்ற பழைய வேட்டையும் மறைப்பாற்றலின் கருவிகளாய் நின்று திண்ணனாரைக் குன்றின் அடிவாரம் வரை கொண்டுவந்தன. அவ்விடத்தே சுமை கழிந்தது; அருள் பதிந்தது. கருவியாயிருந்தவன் தன் கருவித்தன்மையை அறிந்திலன். அறியாமையால் அவன் செய்த நன்மை இல்லையாகி விடாது.

இனி ஓர் ஆசங்கை. கொல்லாமையை உயிர் அறமாகப் போற்றும் சைவ உலகில், வேட்டைக் கல்வியைப் போற்றுதல் தகுமோ எனின், கூறுதும். இங்குப் போற்றியது கொலையை அன்று. சேக்கிழாரே அதனைக் கொடுமை என்று வெளிப்பட உரைத்தனர். இக்காலத்து 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வேட்டையை விலக்கியுள்ளது. நாம் போற்றுவது வேறு: மூத்தோர் தம் அறிவை மறைக்காது இளையோர்க்கு வழங்கிய பெருமையும், தளர்ந்தபோது தலைமையைப் பற்றிக்கொண்டிராது ஒப்புவித்த நேர்மையும், தந்தையின் தளர்ச்சி கண்டு நெகிழ்ந்து அவன் கழல் வணங்கி ஏற்ற மகனாரின் பணிவும் ஆகும். தொழில் எதுவாயினும் இம்மூன்றும் எக்குடிக்கும் வேண்டுவன. உழவனும் தச்சனும் கொல்லனும் ஓதுவாரும் தம் மூத்தோர் அருகிருந்து கற்றதே இன்றுவரை நிலைத்த கல்வி. மூத்தோர் தளர்ந்து திண்ணையில் அமர்ந்த பின்னர் அவர் அருகே சென்று அமராதார், முதுமொழி ஒன்றனையும் பெறமாட்டார். இடுக்கண் வந்துழி நினைவுக்கு வருதற்கு அவர்பால் ஒன்றும் இராது.

திருஞானசம்பந்தப் பிள்ளையார் காளத்தி மலையேறியபோது, கும்பிட்டதன் பயனைக் காண்பார்போலக் கண்ணப்பர் திருவுருவைக் கண்டு வீழ்ந்து வணங்கினார் என்று சேக்கிழார் அருளினார். நாமும் காளத்தி செல்லுங்கால் அவ்வாறே வணங்கக் கடவேம். வணங்கி இறங்கும்போது, அம்மலைச்சாரலில் மகனின்றித் தனியே இறங்கிய முதியோனையும் ஒருகால் நினைப்போமாக. அவன் கற்பித்தான், ஆனால் கற்பித்ததன் பயன் தன்னுடையதன்று என்பதனை அறிந்திலன். கற்பிக்கும் தந்தையரும் கற்கும் மக்களும் அதனை அறிவரேல், பிரிவும் இழப்பன்று; இறைவன் பொருள் இறைவனைச் சேர்ந்ததேயாம்.

திருச்சிற்றம்பலம்.